கெர்னல் அப்டேட்டுக்குப் பின் தடுமாறிய அட்ரஸ் சானிடைசர்: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கோவை, பல்லடம், உடுமலை வட்டாரத்து நூற்பாலைகளில் ரிங் ஃபிரேம்களைக் கண்காணிக்கும் மென்பொருளை எழுதுவது எங்கள் சிறு குழுவின் வேலை. இயந்திரங்களிலிருந்து மோட்பஸ் என்ற தொழிற்சாலைத் தொடர்பு நெறிமுறை வழியாக வரும் வேகம், நூல் அறுந்த எண்ணிக்கை, டாஃபிங் (நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றி மாற்றும்) நேரம் ஆகியவற்றை ஒரு சி++ நிரல் வாங்கிச் சேமிக்கிறது. ஆலை மூன்று ஷிப்டும் ஓடுவதால் நிரலும் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடியாக வேண்டும். அதில் ஒரு நினைவகப் பிழை ஒளிந்திருந்தால் எங்கள் மேசையில் அது தெரியாது. ஆலையில், அதுவும் இரவு ஷிப்டில்தான் தெரியவரும். அதனால்தான் பல ஆண்டுகளாக ஒவ்வொரு பில்டையும், நினைவகப் பிழைகளை ஓட்டத்தின்போதே பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு ஓட்டிப் பார்த்த பிறகே வெளியே அனுப்புகிறோம்.

இந்தக் கருவியின் மீது எனக்குள்ள மதிப்பு அனுபவத்தில் வந்தது. மோட்பஸின் சீரியல் வடிவமான ஆர்டியூவில் ஒரு சட்டகத்தின் (செய்தித் துண்டின்) உச்ச அளவு 256 பைட். முன்பு யாரோ எழுதி எங்கள் கைக்கு வந்த ஒரு ஃபங்ஷன், 256 பைட் பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) 257ஆவது பைட்டையும் எழுதிக்கொண்டிருந்தது. வால்கிரைண்ட் என்ற இன்னொரு பிழைதேடும் கருவியும் இதைப் பிடித்திருக்கும் என்றாலும், அதில் ஓடும் நிரல் பத்து மடங்குக்கும் மேல் மெதுவாகிவிடுவதால் எங்கள் சீரியல் போர்ட் டெஸ்ட்கள் எல்லாம் டைம்-அவுட் ஆகிவிடும். அட்ரஸ் சானிடைசரில் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைவதோடு சரி. எழுதிய வரி, பஃபரை ஒதுக்கிய வரி இரண்டையும் அது ஒரே அறிக்கையில் காட்டியது. நிரலின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு பைட் வீதம் நிழல் நினைவகம் வைத்து, எது தொடத்தக்கது, எது தொடத்தகாதது என்று குறித்துக்கொள்வதே அதன் முறை. நிழலும் ஹீப்பும் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) இன்ன இடத்தில் இருக்கும் என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்பதால்தான் அதற்கு அந்த வேகம் கிடைக்கிறது. பின்னால் வந்த சிக்கலுக்கும் அதுவே காரணமாயிற்று.

எங்கள் பில்ட் இயந்திரத்தில் இருப்பது உபுண்டு 22.04. 2024 தொடக்கத்தில் அதற்கு 6.5 வரிசைக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வந்தது. அதன் பிறகு, ஒரு வரிகூட மாற்றாத நிரலின் டெஸ்ட்கள் ஒரு முறை தேறின, மறுமுறை விழுந்தன. விழும்போது பிழை அறிக்கையே வருவதில்லை. 'அட்ரஸ்சானிடைசர்: டெட்லிசிக்னல்' என்ற ஒரே வரி திரையில் முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், நாமே நிறுத்தினால்தான் நிற்கும். ஜிடிபி என்ற பிழைதிருத்தியில் போட்டு ஓட்டினாலோ எல்லாம் ஒழுங்காக இருக்கும். குழுவில் இளையவரான தம்பி ஒருவர், "அண்ணா, ஜிடிபி-ல போட்டா வரவே மாட்டீங்குதுங்க, வெளிய ஓட்டுனா மட்டுந்தான் வருதுங்க" என்று சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் பாதி விடை இருந்தது. ஜிடிபி தன் கீழ் ஓடும் நிரலுக்கு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு முகவரியில் ஏற்றும் ஏஎஸ்எல்ஆர் எனப்படும் முகவரிச் சிதறலை இயல்பாகவே நிறுத்திவிடும். ஆகவே கோளாறு எங்கள் கோடில் இல்லை, நிரல் போய் உட்காரும் இடத்தில் இருக்கிறது என்று ஆயிற்று.

அந்த இடத்தை எண்களிலேயே பார்த்துவிடலாம். 64 பிட் லினக்ஸில் பிஐஇ (எங்கு ஏற்றினாலும் ஓடும்) முறையில் தொகுத்த நிரல், பதினாறடிமான எண்ணில் 555555554000 என்ற முகவரியிலிருந்து தற்போக்கான தூரம் தள்ளி ஏற்றப்படுகிறது. அந்தத் தூரத்தை முடிவு செய்வது எம்மேப்_ஆர்என்டி_பிட்ஸ் என்ற கெர்னல் அமைப்பு. முன்பு அது 28. 4 கேபி பக்கங்களில் கணக்கிட்டால் 1 டெராபைட் அகலம். புதிய கெர்னலில் அது 32, அதாவது 16 டெராபைட். அப்படியானால் நிரல் 655555554000 வரை எங்கு வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பழைய அட்ரஸ் சானிடைசரோ தன் ஹீப்பை 600000000000 முதல் 4 டெராபைட் தூரத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது. அதன் அறிக்கைகளில் 602 என்று தொடங்கும் முகவரிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விளங்கும். நிரலே அந்த எல்லைக்குள் ஏற்றப்பட்டுவிட்டால் இரண்டும் மோதத்தான் செய்யும். டெட்லிசிக்னல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டெர்மினலில் அந்த பிராசஸின் (ஓடும் நிரலின்) நினைவக இடங்களைப் பட்டியலிடும் மேப்ஸ் கோப்பைத் திறந்து முதல் வரியைப் பாருங்கள். அது 55, 56 என்று தொடங்காமல் 60க்கும் 64க்கும் இடையே இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

கெர்னல்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை. 5.18க்குப் பிறகு, பெரிய லைப்ரரிகள் 2 எம்பி எல்லையில் அடுக்கப்படத் தொடங்கியதால் சிதறலில் 9 பிட் வீணாகி, 28 என்பது 19ஆகச் சுருங்கியிருந்தது. அதை ஈடுகட்டவே எண்ணை உயர்த்தினார்கள். பாதுகாப்புக்கு அது தேவையான மாற்றம்.

எம்மேப்_ஆர்என்டி_பிட்ஸை சிஸ்கன்ட்ரோல் என்ற கெர்னல் அமைப்புக் கட்டளை மூலம் மறுபடி 28 ஆக்குவதே பலரும் முதலில் செய்வது. கிட்ஹப் கூடத் தன் பில்ட் இயந்திரங்களில் 2024 மார்ச்சில் இதைத்தான் செய்தது. உடனே பலன் கிடைக்கும். ஆனால் அது இயந்திரம் முழுவதற்குமான அமைப்பு. அதில் ஓடும் மற்ற எல்லா நிரல்களின் காவலும் தளரும். டெஸ்டுக்கு மட்டுமே உள்ள பெட்டியில் செய்யலாம். ஆலையின் நெட்வொர்க்கில் இருக்கும் சர்வரில் இதைச் செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கே டெஸ்ட் ஓட்டியே ஆக வேண்டுமென்றால் செட்ஆர்க் கட்டளையைப் பெரிய ஆர் (-R) விருப்பத்தோடு முன்னால் போட்டால் போதும். அந்த ஒரு பிராசஸுக்கு மட்டும் சிதறல் நிற்கும், மற்றவை அப்படியே இருக்கும்.

நிலையான தீர்வு கம்பைலரை மாற்றுவதுதான். 22.04 இயல்பாகத் தரும் கிளாங் 14-இல் இதற்கு வழியில்லை. கிளாங்கின் தாய்த்திட்டமான எல்எல்விஎம் 18.1 வரிசையில், இடம் ஒத்துவராவிட்டால் சானிடைசர் தானே சிதறலை நிறுத்திக்கொண்டு நிரலை மறுபடி தொடங்கிவிடும். ஹீப்பின் தொடக்கத்தையும் 500000000000க்கு நகர்த்திவிட்டார்கள். நாங்கள் 18க்கு மாறிய பின் பில்ட் இயந்திரத்தில் அந்த வரி வருவதில்லை.

நிரலைத் தனிக் கன்டெய்னரில் அடைத்து ஓட்டும் டாக்கருக்குள் மட்டும் இன்னும் கவனம் வேண்டும். சிதறலை நிறுத்தும் பெர்சனாலிட்டி என்ற கெர்னல் அழைப்பை டாக்கரின் இயல்பான செக்காம்ப் (கெர்னல் அழைப்புகளை வடிகட்டும்) விதிகள் அனுமதிப்பதில்லை. ஆகவே செட்ஆர்க்கும் அங்கே தோற்கும், சானிடைசரின் மறுதொடக்கமும் தோற்கும். எம்மேப்_ஆர்என்டி_பிட்ஸும் கன்டெய்னருக்கென்று தனியாக இல்லை. ஹோஸ்டில் (கன்டெய்னரை ஓட்டும் இயந்திரத்தில்) உள்ளதே உள்ளேயும் செல்லும். டெஸ்ட் கன்டெய்னரை மட்டும் செக்காம்ப் தளர்த்தி ஓட்டுகிறோம். அந்த அழைப்பை மட்டும் அனுமதிக்கும் தனி விதிக் கோப்பு எழுதுவது இன்னும் செம்மையான வழி. அந்த வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது.