பிங்காமா, மலாஞ்ச்கண்டா? நடுவுல சித்தப்பாவோட கல்லு

போன மாசம் அம்பாசமுத்திரம் பக்கம் சித்தப்பா தோட்டத்துல கெணறு ஆழப்படுத்துனாங்க, வெடி வச்சு எடுத்ததுல ஒரு கல்ல கட்டப்பைல போட்டு பஸ் ஏறி பாளையங்கோட்டைக்கே வந்துட்டாரு மனுசன். ஈய நெறத்துல பளபளன்னு செதில் செதிலா இருக்கு, தொட்டா கையெல்லாம் கருப்பு. "ஏலே, யூட்யூப்ல மாலிப்டினம்னு காட்டுதான்லா, அச்சு அசலா இதாம்ல. தாமிரமும் கூடவே கெடைக்குமாம். ஆத்துக்கு தாமிரபரணின்னு சும்மாவா பேரு வச்சிருப்பான்?"

டீ குடிச்ச சாசரையே கவுத்துப் போட்டு அதோட வழவழப்பான பக்கத்துல செதில வச்சு ஒரு இழு இழுத்தேன். மாலிப்டினைட்டா, அதாவது மாலிப்டினம்ங்குற உலோகத்த எடுக்குற தாதுவா இருந்தா, கோட்டுல லேசா பச்சை அடிக்கணும். இது கன்னங்கரேல்னு விழுந்துச்சு, கிராஃபைட்டு, அதாவது பென்சில்ல இருக்குற சமாச்சாரம். மாலிப்டினைட் இத விட ரெண்டு மடங்கு கனமும் இருக்கும். சித்தப்பா விடுவாரா, "அப்போ அது எங்கதாம்ல கெடைக்கும்?"ன்னு உக்காந்துட்டாரு. அங்க தொடங்குன பேச்சுதான் இது.

தாமிரமும் மாலிப்டினமும் சேந்து கெடைக்குற எடத்துக்கு உலகத்துக்கே உதாரணம்னு சொல்றது அமெரிக்காவுல யூட்டா மாநிலத்து பிங்காம் கேன்யன். 1906ல இருந்து தோண்டுதாங்க, குழி ஒரு கிலோமீட்டருக்கு மேல ஆழம், நாலு கிலோமீட்டர் அகலம். நம்ம நாட்டுல அதுக்குப் போட்டியா சொல்ற பேரு மத்தியப்பிரதேசம் பாலாகாட் மாவட்டத்து மலாஞ்ச்கண்ட், 1982ல இருந்து ஹிந்துஸ்தான் காப்பர் எடுக்குது. ரெண்டுலயும் தாமிரம் உண்டு, மாலிப்டினம் உண்டு, ரெண்டும் கிரானைட் சாதிப் பாறையோட ஒட்டுனதுதான். ஆனா ரெண்டும் ஒரே வகையாங்குறதுலதான் சண்டை.

பிங்காம் வகைய போர்ஃபிரிம்பாங்க. மேக்மா, அதாவது உருகுன பாறைக் குழம்பு, மேல ஏறி வந்து தரைக்கு சில கிலோமீட்டர் கீழ ஆறிக் கெட்டிப்படும்போது அதுக்குள்ள கரைஞ்சிருந்த தண்ணி பிரிஞ்சு வெளிய வரும், குளோரின், கந்தகம், தாமிரம் எல்லாத்தையும் சொமந்துக்கிட்டு, அந்த அழுத்தம் தாங்காம மேல இருக்குற பாறை வெடிச்சிரும். எப்படின்னா, சித்திரை வெயில்ல தண்ணி வத்துன கொளத்துக் கரம்பை பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குமே, அப்படியே பாறைல நெனச்சுக்கிடுங்க, மில்லிமீட்டர் கணக்குல ஆயிரக்கணக்கான கீறல், ஒவ்வொண்ணுலயும் குவார்ட்ஸ், தாமிரத் தாதுவான சால்கோபைரைட், மாலிப்டினைட். ஒரு டன் பாறைக்கு அஞ்சாறு கிலோ தாமிரம் தேறுனாலே பெருசு, மாலிப்டினம் சில நூறு கிராம்தான். ஆனா மொத்த மலையே அப்படி இருக்குறதால கட்டுபடியாவுது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது சுத்தி இருக்குற வளையங்கள். நடுவுல பொட்டாசியம் ஏறின பாறை, அடுத்து வெளுத்துப்போய் பைரைட்டுங்குற இரும்பு-கந்தகக் கனிமம் நெறைஞ்ச வளையம், வெளிய பச்சை பச்சையா குளோரைட்டு, எபிடோட்டுங்குற கனிமங்கள். அரிசோனாவுல சான் மானுவேல்னு ஒரு சுரங்கத்துல இந்த வளையம் பாதிதான் இருந்துச்சு. லோவெல்னு ஒருத்தர், மிச்சப் பாதிய பிளவு நகட்டிக் கொண்டு போயிருக்கணும்னு கணக்குப் போட்டு வேற எடத்துல துளை போட, அந்த மிச்சப் பாதி கெடைச்சுது, அதுக்குப் பேரு கலாமசூ. 1970ல அவரும் கில்பர்ட்டும் எழுதுன கட்டுரைதான் இன்னிக்கும் ஜியாலஜி பசங்களுக்கு மொதப் பாடம்.

மலாஞ்ச்கண்டுக்கு வந்தா கதையே வேற. அங்க தாமிரத்துல பெரும்பங்கு, வில்லு மாதிரி வளைஞ்ச ஒரே தடிச்ச குவார்ட்ஸ் சுவருக்குள்ளதான். வளையமும் பிங்காம் மாதிரி பளிச்சுன்னு இல்ல. அதனால ஒரு கூட்டம் இது போர்ஃபிரியே இல்லங்குது, இன்னொரு கூட்டம் மாலிப்டினைட்டையும் சுத்தி இருக்குற மெல்லிய கீறல்களையும் காட்டி போர்ஃபிரிதாங்குது. மாலிப்டினைட்டுல ஒரு வசதி, அதுக்குள்ள இருக்குற ரீனியம்ங்குற உலோகம் மெல்ல மெல்ல ஆஸ்மியம்ங்குற இன்னொரு உலோகமா மாறுற கணக்க வச்சு வயசு சொல்லிரலாம். பிங்காமுக்கு கிட்டத்தட்ட 3.7 கோடி வருசம், மலாஞ்ச்கண்டுக்கு 249 கோடி. இம்புட்டு பழசா ஒண்ணு தேய்ஞ்சு போவாம நின்னதே அதிசயம், மேலாப்ல இருக்குற பாறைதான மொதல்ல அடிச்சிட்டுப் போவும்? என் கட்சி, இது நேரடி வாரிசு இல்ல, பங்காளி. தாமிரச் சதவீதத்துல பங்காளிதான் ஒசத்தி, அது ஒண்ண ஒத்துக்கிடணும்.

கொலராடோவுல கிளைமாக்ஸ்னும் ஒண்ணு உண்டு, அங்க மாலிப்டினம்தான் மொதலாளி, தாமிரம் பேருக்குக்கூட கெடையாது. அந்த மாலிப்டினைட்டுல ரீனியமும் கம்மி, ஜெட் என்ஜினுக்கு ரீனியம் வேணும்னா தாமிர போர்ஃபிரி பக்கம்தான் போவணும்.

சரி, நம்ம ஊரு? நமக்கு ரெண்டும் இல்ல. பொதிகை அடிவாரத்துக் கருங்கல்லு, சார்னோக்கைட்டு, எல்லாம் இருவது கிலோமீட்டருக்கும் கீழ, எழுநூறு எண்ணூறு டிகிரில வெந்த பாறை. போர்ஃபிரி உக்காருறது மேல ஒண்ணுலருந்து அஞ்சு கிலோமீட்டருக்குள்ள. ஒரு காலத்துல நம்ம தலைக்கு மேல அப்படி ஒண்ணு இருந்திருந்தாலும் எப்பவோ கடலுக்குப் போயிருக்கும், நமக்கு மிஞ்சுனது சட்டில அடிப்பிடிச்ச பாகம். பழைய களிமண்ணுல இருந்த கரிச்சத்து அந்தச் சூட்டுல வெந்துதான் சித்தப்பா கையில கிராஃபைட்டா நிக்குது. நெல்லையப்பர் கோயில்ல தாமிர சபை இருக்கு, தாமிர மலைக்கு நாம பாலாகாட்டுக்குத்தான் ரயில் ஏறணும்.

எல்லாத்தையும் கேட்டுட்டு சித்தப்பா கல்லத் தொடைச்சு கட்டப்பைக்குள்ள வச்சாரு. வாசல்ல செருப்ப மாட்டும்போது மெதுவா கேக்காரு, "அது கெடக்கட்டும் மக்கா, இந்த கிராஃபைட்டு கிலோ என்ன வெலைக்குல போவுது?"