பழைய சோனி ஆர்எக்ஸ்100: இன்னும் வாங்கலாமா?

சின்ன கேமரா வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது மெகாபிக்சல், அடுத்து ஜூம். இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு, உள்ளே படத்தைப் பதியும் சென்சார் எவ்வளவு பெரிசு, லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கையைக் கடிக்காத செலவில் இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100இல்தான். பின்னால் எண் போட்டு வந்த மாடல்கள் அல்ல, முதல் மாடல். வந்தபோது 650 டாலர். இப்போது செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும்.

புதிதாகக் கிடைக்கும் மலிவு ரகத்துக்கு கோடக் பிக்ஸ்ப்ரோ எஃப்இசட்55ஐ எடுத்துக்கொள்ளலாம். அதன் சென்சார் ஏறத்தாழ 6.2 × 4.6 மி.மீ. ஆர்எக்ஸ்100இல் 13.2 × 8.8 மி.மீ., பரப்பில் நான்கு மடங்கு. (இதை "ஒரு அங்குல சென்சார்" என்பார்கள். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் வராது. அது பழைய வீடியோ கேமரா குழாய்க் காலத்துக் கணக்கு.) கோடக் லென்ஸ் எஃப்/3.9 வரை திறக்கும், சோனி எஃப்/1.8 வரை. (எண் சின்னதானால் திறப்பு பெரிசு.)

இதன் பலன் ராத்திரி வீட்டுக்குள் தெரியும். ஒற்றை டியூப்லைட் எரியும் கூடத்தில் 1/50 நொடியில் ஒரு படம். எஃப்/1.8இல் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமரா எவ்வளவு கூர்மை என்ற அளவு) 500 போதுமென்றால், அதே படத்துக்கு எஃப்/3.9இல் 2,300க்கு மேல் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே சின்ன சென்சார். அந்த ஐஎஸ்ஓவில் முகமெல்லாம் மெழுகு பூசினாற்போல் ஆகிவிடும். வெயிலில் எடுத்துப் பார்த்துவிட்டு "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்பவர்கள், விளக்கு வைத்த பிறகு ஒரு படம் எடுத்துப் பார்க்கட்டும்.

குறைகளும் உண்டு. ஜூம், பழைய ஃபிலிம் கேமராக் கணக்கில், 28இலிருந்து 100 மி.மீ. வரைதான், 100க்குப் போனால் லென்ஸும் எஃப்/4.9 ஆகச் சுருங்கிவிடும். பறவை, கிரிக்கெட் எல்லாம் இதற்கு ஆகாது. வைஃபை இல்லை, தொடுதிரை இல்லை, திரை மடங்காது. உடம்பு வழவழவென்று இருப்பதால் ஈரக்கையில் நழுவும். முன்பக்கம் ஒரு ரப்பர் பிடியும், மணிக்கட்டு வாரும் கட்டாயம். எடை 240 கிராம், தடிமன் 36 மி.மீ. பேண்ட் பாக்கெட்டில் அடங்கும், சட்டைப் பையை இழுத்துத் தொங்கவிடும்.

பழைய கேமரா என்பதால் வாங்கும் இடத்திலேயே பத்து நிமிடம் செலவிடுங்கள். பத்துத் தடவையாவது ஆன், ஆஃப் செய்யுங்கள். லென்ஸ் தயங்காமல் வெளியே வந்து உள்ளே போக வேண்டும்; முன்னால் இருக்கும் மெல்லிய தகடுகள் முழுசாக மூட வேண்டும். கரகரவென்று சத்தம் வந்தாலோ, ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லித் திரையில் செய்தி வந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாக்கெட் தூசும் மணலும் லென்ஸ் குழாய்க்குள் போனால் இப்படித்தான் ஆகும். பழுது பார்க்கும் செலவில் பாதி கேமராவே வந்துவிடும்.

அடுத்தது தூசுப் பரிசோதனை. 'ஏ' மோடில் அப்பர்ச்சரை (லென்ஸ் திறப்பை) எஃப்/11க்கு வைத்து, ஜூமை முழுக்க இழுத்து, வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், சென்சாரில் உட்கார்ந்த தூசு மங்கிய சாம்பல் புள்ளியாகத் தெரியும். லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா, வீட்டில் துடைக்க வழியில்லை. பிறகு டார்ச்சை லென்ஸுக்குச் சாய்வாகப் பிடித்து, சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள்; சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் பீரோவுக்குள்ளேயே கிடந்த கேமராவில் இதை எதிர்பார்க்கலாம். கடைசியாக என்பி-பிஎக்ஸ்1 பேட்டரியை வெளியே எடுங்கள். விரலால் நெம்பினால்தான் வருகிறது என்றால் அது உப்பிப்போன பேட்டரி, தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

வாங்கியபின் செட்டிங்கில் ஒரு வேலை இருக்கிறது. கேமராவின் போக்கில் விட்டால் வீட்டுக்குள் ஷட்டர் வேகத்தை 1/30 நொடி வரை இறக்கிவிடும். உட்கார்ந்திருக்கும் பாட்டி தெளிவாக வருவார், ஓடும் பேரன் கலங்கிப்போவான். ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் 'எஸ்' மோடில் 1/125 வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, அதன் உச்ச வரம்பை 3200 என்று கட்டிப்போடுங்கள். இதையே டயலில் இருக்கும் 'எம்ஆர்' இடத்தில் பதிந்துவைத்தால், டயலைத் திருகினாலே வந்து நிற்கும்.

ஃப்ளாஷ் ஒரு சின்ன ஆச்சரியம். மேலே எழும்பும் அந்தக் குட்டி விளக்கை ஆள்காட்டி விரலால் மெதுவாகப் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் சீலிங்கில் பட்டு இறங்கும். நெற்றிப் பளபளப்பும் சுவரில் விழும் கறுப்பு நிழலும் குறையும். வெள்ளைச் சீலிங் வேண்டும், உயரமும் அதிகம் இருக்கக் கூடாது. கல்யாண மண்டபத்துக்கு ஆகாது.

வைஃபை இல்லாத குறைக்கு, போனில் செருகும் கார்டு ரீடர் ஒன்று போதும். 32 ஜிபி கார்டாக வாங்குங்கள். 64 ஜிபி கார்டுகள் வேறு ஃபார்மேட்டில் வருவதால் சில பழைய போன்கள் படிக்காது. வீடியோ வகை ஏவிசிஎச்டியில் இருந்தால் கோப்புகள் தனி ஃபோல்டருக்குள் ஒளிந்துகொள்ளும், போன் கேலரியில் தெரியாது. எம்பி4க்கு மாற்றினால் தெரியும், ஆனால் தரம் 1440 × 1080க்கு இறங்கும். வீடியோவே முக்கியம் என்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம், போனே நன்றாக எடுக்கும்.

சார்ஜ் ஏறுவது மைக்ரோ யுஎஸ்பி கேபிளில், கேமராவுக்குள்ளேயே. ஏறும்போது படம் எடுக்க முடியாது. ஒரு சார்ஜில் சுமார் 330 படம் என்பது புதுப் பேட்டரிக்கான கணக்கு. ஒரு ஸ்பேர் பேட்டரியும், வெளியே வைத்து ஏற்றும் சார்ஜரும் சேர்த்தே விலை பேசுங்கள்.