யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை: பத்து ரூபாய்க்குக் கிடைத்தவை

இராமநாதன் வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கை ஒன்றில், வெயிலில் எழுத்து வெளிறிப்போன பெயர்ப்பலகையுடன் ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் அதனை ‘அண்ணையின்ரை கடை’ என்று மட்டுமே அழைக்கிறார்கள். பெயரைப் போட்டு எழுதலாமா என்று நான் கேட்டபோது, “இப்பவே நிக்க இடமில்லை, நீங்கள் வேறை எழுதிச் சனத்தைக் கூட்டாதேங்கோ” என்று உரிமையாளர் மறுத்துவிட்டார். ஆகவே பெயரில்லாமலே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். தேவைப்படுபவர்கள் பரமேஸ்வராச் சந்தியில் நிற்கும் எந்த மாணவரிடமும் கேட்டால் வழி சொல்லுவார்கள்.

இக்கடைக்கு நான் போக நேர்ந்த சூழ்நிலையை முதலில் சொல்லவேண்டும். நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1995 ஒக்டோபர் 30 அன்று போரினால் யாழ் குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தது. அந்த இரவு மூட்டை கட்டியபோது புத்தகங்களை வீட்டில் விட்டுவிட்டு அரிசியை எடுத்துக்கொண்டோம். பிறகு நான் படிப்புக்குத் திரும்பவேயில்லை. தங்கை சாதாரணதரத்தோடு நின்றவள். அவளுடைய கணவர் முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பில் மேசன் வேலை செய்கிறார். அவர்களுடைய மூத்த மகளுக்கு விஞ்ஞான பீடத்தில் இடம் கிடைத்த செய்தி வந்தபோது பெருமைப்படுவதற்கு ஊரே திரண்டிருந்தது. அடுத்து என்ன செய்யவேண்டும் என்று சொல்லித்தருவதற்கு மாத்திரம் எங்கள் உறவில் ஒருவரும் இருக்கவில்லை. கொக்குவிலில் இருக்கும் என் வீட்டில் தங்கிப் படிப்பது என்று முடிவானதால், வழிகாட்டும் பொறுப்பு என்மீது விழுந்தது. வழி எனக்கும் தெரியாது.

நமது நாட்டின் அனுமதி முறை ஒன்றைச் சரியாகச் செய்கிறது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுவதால், வசதியான ரியூசன் கிடைக்காத முல்லைத்தீவுப் பிள்ளையும் வெட்டுப்புள்ளியைத் தாண்டி வாசலுக்கு வந்துவிடுகிறது. வாசலுக்கு உள்ளே எந்தக் கதவு எதற்கானது என்பது, அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே படித்த வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடுகிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அது இந்தக் கடையில்தான் தெரிந்தது.

முதல் நாள் நாங்கள் போனது பேர்சரி உதவித்தொகை விண்ணப்பப்படிவத்தை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வதற்காக. மருமகள் மூலப்படிவத்தை நீட்டியதும் கடைக்காரர் அதை இயந்திரத்தில் வைப்பதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு ஒரு பிரதியை எடுத்து, அதனோடு ஒரு பென்சிலையும் கொடுத்து, “பிள்ளை, முதல் இதிலை நிரப்பும். நான் பாத்த பிறகு ஒரிஜினலிலை பேனையாலை எழுதலாம்” என்றார். கடையின் கண்ணாடி மேசையில் குனிந்து நின்று அவள் நிரப்பினாள். அவர் மூன்று பேருக்குப் பிரதி எடுத்து முடித்துவிட்டு வந்து பார்த்து, ஓரிடத்தில் விரலை வைத்தார். “இதிலை வருச வருமானம் கேட்டிருக்கு. நீர் அப்பாவின்ரை மாசக் கணக்கைப் போட்டிருக்கிறீர்.” அடுத்து, தகப்பனாரின் பெயரில் இருந்த ஒரு ஆங்கில எழுத்தைக் காட்டி, பிறப்புச் சான்றிதழிலும் இப்படித்தான் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக் கூடுதலாக இருந்தது.

இது எவ்வளவு பெரிய உதவி என்பது, படிவத்துடன் வன்னிக்கு அலைந்தவர்களுக்கே விளங்கும். வருமானத்தை ஊர்க் கிராம அலுவலர் உறுதிப்படுத்தவேண்டும். பிரதேச செயலகத்தில் மேலொப்பம் பெறவேண்டும். ஒரு பிழைக்காகத் திரும்பிவந்தால் மேலும் ஒரு நாள், மேலும் ஒரு பஸ் பயணம், தகப்பனாருக்கு மேலும் ஒரு நாள் கூலி இழப்பு. பெயர் வேறுபாட்டுக்குச் சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளலாம் என்பதையும் அவரே சொன்னார். இவ்வளவுக்கும் அவர் எடுத்த கட்டணம், பென்சிலால் நிரப்பிய அந்த ஒரு பிரதிக்கான பத்து ரூபாய்.

கடைக்குள் இயந்திரத்தின் பின்னாலுள்ள சுவரில், லமினேட் செய்த இரண்டு தாள்கள் ஆணியில் தொங்குகின்றன. ‘புதிதாக வருவோர் அறியவேண்டிய சொற்கள்’ என்று கையெழுத்தில் தலைப்பிட்டிருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் வந்துபோன மாணவர்கள் ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்ததாம். ‘கிரெடிட்’ என்பதற்கு எதிரே, 15 மணி நேர விரிவுரை என்றும், வீட்டுப் படிப்பையும் சேர்த்தால் 50 மணி நேர உழைப்பு என்றும், பொதுப் பட்டத்துக்கு 90, நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 என்றும் எழுதியிருக்கிறது. ‘ஜீ.பீ.ஏ.’ (தரப்புள்ளிச் சராசரி) என்பதற்கு எதிரே, முதல் வகுப்புக்கு 3.70, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30 என்றிருக்கிறது, முதல் வருடப் பெறுபேறும் சேர்க்கப்படுமா என்பதை அவரவர் பீடக் கைநூலில் பார்க்கும்படி அடியில் ஒரு குறிப்பு. வரவு 80 சதவீதத்துக்குக் குறைந்தால் பரீட்சைக்கு அமரமுடியாது என்பது சிவப்பு மையில். பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம் என்பதும் சிவப்பு மையில்.

அவற்றுள் என்னை நிற்கவைத்தது ‘ஸ்டூடன்ட் கவுன்சிலர்’ என்ற சொல்லுக்கான விளக்கம்: ‘இவர் விசாரிப்பவர் அல்லர். நீங்கள் பிழை செய்யாமலே இவரிடம் போகலாம்.’ பள்ளிக்கூடத்தில் அதிபரின் அறைக்கு அழைக்கப்படுவது குற்றவாளிகளுக்கு நேர்வது என்று வளர்ந்த பிள்ளைக்கு இந்த இரண்டு வரிகளின் பெறுமதி அதிகம். பல்கலைக்கழகத்தில் உதவி இல்லை என்று நான் சொல்லவரவில்லை. மாணவர் நலச் சேவைக் கிளை, பீடந்தோறும் மாணவர் ஆலோசகர்கள், ஆங்கில மொழி கற்பித்தல் நிலையம், தொழில் வழிகாட்டல் அலகு, சுகாதார நிலையம் எல்லாம் அந்த மதிலுக்குள்ளேயே இருக்கின்றன. புதுமுக மாணவர்களுக்கான அறிமுக நிகழ்விலும் அவற்றைச் சொல்லித்தான் இருப்பார்கள். ஒரே நாளில் நாற்பது புதிய சொற்களைக் கேட்ட பிள்ளைக்கு, அவற்றுள் எது தனக்கானது என்பது தேவை வரும் நாளில் நினைவுக்கு வருவதில்லை என்பதே சிக்கல்.

எங்களுக்குத் தேவை வந்த நாள், முதல் கணிதத் தொடர்மதிப்பீட்டின் பெறுபேறு வந்த நாள். நூற்றுக்கு 31. உயர்தரத்தில் இணைந்த கணிதத்தில் ஏ எடுத்தவள் அன்று இரவு சாப்பிடாமல் படுத்தாள். மறுநாள் காலையில், ஊருக்குப் போய் ஆசிரிய உதவியாளர் வேலை ஏதாவது தேடலாமா என்று என்னிடம் கேட்டாள். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கடைக்கு ஏதோ பிரதி எடுக்கப் போனவள் இரண்டு மணி நேரம் கழித்து வேறு முகத்தோடு திரும்பி வந்தாள்.

கடையில் மாலை நேரத்தில் வேலை செய்யும் பெண், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து மூன்றாம் வருடத்தில் படிப்பவர். தாயார் கொழுந்து பறிப்பவர். அவரும் முதல் மதிப்பீட்டில் சறுக்கியவராம். மருமகளின் விடைத்தாளைப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, உங்களுக்குக் கணக்குத் தெரியும், கேள்விதான் விளங்கல்ல” என்று சொல்லியிருக்கிறார். உண்மை அதுதான். வகையீடும் தொகையீடும் தமிழில் தலைகீழாகத் தெரிந்த பிள்ளைக்கு, விரிவுரையாளர் வேகமாகச் சொல்லிப்போகும் ‘டெரிவேட்டிவ்’ எது, ‘இன்டிகிரல்’ எது என்று பிடிபடுவதற்குள் பலகை அழிக்கப்பட்டுவிடுகிறது. அந்த அக்கா ஒரு கொப்பியில் இடப்பக்கம் தமிழ்ச் சொல்லும் வலப்பக்கம் ஆங்கிலச் சொல்லுமாகத் தான் எழுதி வைத்திருந்ததைப் பிரதி எடுத்துக் கொடுத்தார். பதினெட்டுப் பக்கங்கள். பணம் வாங்கினார்கள், 180 ரூபாய். இலவசமாகக் கொடுத்திருந்தால் இதை நான் இவ்வளவு மதித்திருப்பேனா என்பது சந்தேகம்.

அதோடு, செவ்வாய் மாலைகளில் மாணவர்கள் தங்களுக்குள் நடத்தும் ‘குப்பி’ ஒன்றிலும் சேர்த்துவிட்டார். மூத்த மாணவர் இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதைத் தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்களில் குப்பி விளக்கின் பெயரால் அப்படி அழைத்து வந்து, இப்போது இங்கும் அந்தச் சொல் புழங்குகிறது. மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் மண்ணெண்ணெய் மணத்தது. மாணவர் ஆலோசகரையும் அவள் போய்ச் சந்தித்தாள். இரண்டாவது மதிப்பீட்டில் 58 வந்தது. இது கடையின் சாதனை என்று நான் எழுதமாட்டேன், படித்தது அவள்தான். ஆனால் யாரிடம் போகவேண்டும் என்பது கடையில்தான் தெரிந்தது.

இக்கடை செய்ய மறுக்கும் வேலைகளையும் சொல்லவேண்டும். முந்திய ஆண்டு மாணவர்களின் ஒப்படைகளை விற்பதில்லை. பக்கத்தில் வேறு இடங்களில் அவை கிடைக்கும் என்று ஒரு பையன் வாதாடியதையும், “அப்ப அங்கை போம் தம்பி” என்று இவர் பதில் சொன்னதையும் நானே பார்த்தேன். முழுப் புத்தகத்தையும் பிரதி எடுத்துக் கொடுப்பதில்லை. தேவையான அத்தியாயம் மட்டும். ஈழத்துத் தமிழ் நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் தேடி வரும் கலைப்பீட மாணவர்களை, 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் இணையத்தளத்தில் முதலில் பார்க்கும்படி அனுப்பிவிடுகிறார். தன் வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ஆள்.

குறைகள் இல்லாமல் இல்லை. மை மங்கும் நாட்களில் வரைபுத்தாளின் கோடுகள் பிரதியில் விழுவதே இல்லை. வரைபு, படம் உள்ள பக்கங்களை இங்கே எடுக்காமலிருப்பது நல்லது. ஸ்பைரல் கட்டுவதில் அவசரம். மருமகளின் செய்முறைப் பதிவேட்டில் 41 இலிருந்து 44 வரையான பக்கங்கள் தலைகீழாகக் கட்டப்பட்டிருந்தன. திருப்பிக் கொண்டுபோனபோது முகம் சுளிக்காமல் அவிழ்த்துக் கட்டினார், ஆனால் அதற்குள் ஒப்படைக்கும் நேரம் நெருங்கிவிட்டது. உட்காருவதற்கு ஒரு வாங்கு கிடையாது. பரீட்சைக் காலத்தில் ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும். மாணவிகள் நின்றுகொண்டிருக்க, பின்னால் வரும் பெடியள் கையை நீட்டி முந்திக்கொள்வதைக் கடைக்காரர் கண்டும் காணாமல் விடுகிறார். இதை அவரிடமே சொன்னேன், தலையை ஆட்டினார்.

இவற்றைவிடக் கவனிக்கவேண்டிய குறை, சுவரிலுள்ள தகவல் சிலவேளை பழசாகிவிடுவது. மகாபொல புலமைப்பரிசில் 5000 ரூபாய் என்றும் பேர்சரி 4000 ரூபாய் என்றும் அந்தத் தாளில் எழுதியிருந்தது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அவை முறையே 7500 ஆகவும் 6500 ஆகவும் உயர்த்தப்பட்டுவிட்டன. தொகை பிழைத்தால் பெரிய கேடில்லை. முடிவுத் திகதி பிழைத்தால் ஒரு வருடம் போய்விடும். எனவே இக்கடையில் கேட்டறிந்த எந்தத் திகதியையும் பீட அலுவலகத்தின் அறிவித்தல் பலகையில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவேண்டும். நான் சுட்டிக்காட்டிய பிறகு அந்த இரண்டு தொகைகளின்மேலும் வெள்ளைத்தாள் துண்டு ஒட்டித் திருத்தியிருக்கிறார்கள்.

விலையில் குறைசொல்ல ஒன்றுமில்லை. 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டில் ஏறிய விலை எந்தக் கடையிலும் முழுதாக இறங்கவில்லை. இங்கே ஒரு பக்கம் பத்து ரூபாய், இருபக்கமும் எடுத்தால் பதினாறு. விரைவான, சுத்தமான அச்சு மட்டும் வேண்டும் என்பவர்கள் பலாலி வீதிப் பக்கம் புதிய இயந்திரங்கள் வைத்திருக்கும் கடைகளுக்குப் போகலாம். வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளையோடு வருபவர்கள் இங்கே போங்கள். காலை பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில் போனால் அண்ணை பேசுவதற்கு நேரம் வைத்திருப்பார். தோட்டத்து அக்காவைச் சந்திக்க வேண்டுமானால் நான்கு மணிக்குப் பிறகு. பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். சில்லறையும் வேண்டும், பத்து ரூபாய்ப் பிரதிக்கு ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் அவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டிருந்த மனிதரின் முகம் மாறிவிடும்.