பவர்பொயின்ட் லேஅவுட்: 34 ஸ்லைட்டை ஒவ்வொண்டாத் திருத்தின பிறகு எழுதுறன்

திருகோணமலையில சனிக்கிழமைகள்ல பிள்ளைகளுக்கு எங்கட ஊர் வரலாறு சொல்லிக் குடுக்கிறன், அதுக்கு பவர்பொயின்ட்தான் பாவிக்கிறது. முதல் தரம் 34 ஸ்லைட் செஞ்சன், எல்லாத்துக்கும் பிளாங்க் எடுத்து மேல டெக்ஸ்ட் பொக்ஸா போட்டு நிரப்பினன். கிளாஸ் முடிய கடைசி வாங்குல இருந்த பிள்ளை வந்து "ரீச்சர், தலைப்பு வாசிக்கேலாம இருக்கு" எண்டிச்சு. வீட்ட வந்து ஒவ்வொரு ஸ்லைட்டா எழுத்தைப் பெருசாக்கினா அது படத்துக்கு மேல ஏறுது, படத்தைக் கீழ இழுத்தா விளக்கம் மறையுது, முடிக்கேக்க இரவு 11 மணி.

அதுக்குப் பிறகுதான் லேஅவுட்டை, அதாவது ஸ்லைட்ல தலைப்பு, எழுத்து, படம் எங்க வரும் எண்ட அமைப்பை, ஒழுங்காப் பழகினன். நியூ ஸ்லைட்டுக்குக் கீழ உள்ள அம்புக்குறியை அமத்தினா டைட்டில் ஸ்லைட், டூ கொன்டென்ட், கம்பேரிசன் எண்டு வரிசையா வரும். அதில தெரியிற புள்ளிக்கோட்டுப் பெட்டிதான் பிளேஸ்ஹோல்டர். அதுக்குள்ள எழுதினது எல்லாம் ஸ்லைட் மாஸ்டர், அதாவது எல்லா ஸ்லைட்டுக்கும் பொதுவான மூல அமைப்பு, சொல்லுறதைக் கேக்கும், டெக்ஸ்ட் பொக்ஸ் கேக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். வியூவுக்குப் போய் ஸ்லைட் மாஸ்டர்ல தலைப்பு அளவை ஒருக்கா மாத்தினன், பிளேஸ்ஹோல்டருக்குள்ள இருந்த தலைப்பெல்லாம் மாறிட்டுது. கம்பேரிசனை கோட்டைக்குப் பாவிச்சன், ஒரு பக்கம் ஒல்லாந்தர் காலம், மற்றப் பக்கம் 1795ல பிரிட்டிஷ்காரர் பிடிச்ச பிறகு, 1803ல ஃபிரெட்ரிக் கோட்டை எண்டு பேர் வச்சது வரைக்கும்.

எனக்கு நல்லாப் பிடிச்சது நாங்களே லேஅவுட் செய்யலாம் எண்டதுதான். கன்னியா வெந்நீரூற்றில 7 கிணறு, ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு, எல்லாத்துக்கும் ஒரே மாதிரி ஸ்லைட் வேணும். மாஸ்டர்ல இன்சர்ட் லேஅவுட் குடுத்து, இடப்பக்கம் படத்துக்கு ஒரு பிளேஸ்ஹோல்டர், வலப்பக்கம் எழுத்துக்கு ஒண்டு வச்சன். பிறகு படத்தைப் போட்டா அதுவே பெட்டி அளவுக்கு வந்து உக்காருது. ஃபோனை நிமிர்த்திப் பிடிச்சு எடுத்த படமெண்டா மேலயும் கீழயும் வெட்டும், ஒரு படத்தில கிணத்துக் கட்டே போயிட்டுது, பிறகு குரொப்பைத் தட்டி உள்ளுக்க படத்தை இழுத்து சரியாக்கினன்.

தமிழில எழுதுற ஆக்கள் ரெண்டு விசயம் கவனிக்கோணும். எங்கட சொல்லுகள் நீளம், பெட்டி நிரம்பினா அது தானா எழுத்தைச் சின்னனாக்கும், ஒரு ஸ்லைட்ல 28, அடுத்ததில 20 எண்டு ஒழுங்கில்லாம நிக்கும். மாஸ்டர்லயே டூ நொட் ஓட்டோஃபிட் குடுத்திடுங்கோ, வசனத்தை நீங்களே குறையுங்கோ. மற்றது பாமினி, இங்கிலிஷ் எழுத்துக்கு மேல தமிழ் உருவம் காட்டுற பழைய ஃபொன்ட். பழைய குறிப்பைப் பாமினியில அடிச்சு வச்சிருக்கிறவை, அதைப் பெட்டிக்குள்ள ஒட்டிப்போட்டு ரீசெட்டை அமத்தினா பெட்டி இடத்துக்கு வரும், ஆனா ஃபொன்டும் போய் முழுக்க இங்கிலிஷ் எழுத்தாத் தெரியும். முதல்ல யூனிகோட்டுக்கு மாத்துங்கோ, பிறகு ஒட்டுங்கோ.

குறை எண்டு சொன்னா, வேற ஃபைல்ல இருந்து ஸ்லைட் கொப்பி பண்ணேக்க கீப் சோர்ஸ் ஃபோர்மட்டிங் குடுத்தா அதின்ட மாஸ்டரும் சேந்து வந்திடுது, கொஞ்ச நாள்ல ஒரு ஃபைலுக்குள்ள நாலைஞ்சு மாஸ்டர், எதை மாத்தினா எது மாறும் எண்டு விளங்காது. யூஸ் டெஸ்டினேஷன் தீம் குடுத்தா அந்தத் தொல்லை இல்லை.

நான் 5க்கு 4 குடுப்பன். அடுத்த கிழமைக்கு புறா மலை பாடம், லேஅவுட் செஞ்சு வச்சிட்டன், படம் எடுக்கத்தான் நிலாவெளிப் பக்கம் போகோணும்.