டிக்கோயாவில் ஒரு வீட்டுக் கராஜ்: ஒன்பது மழைக்காலத்துக்குப் பிறகு

கராஜுக்கென்று முதலில் வாங்கிய சாமான் எது என்று யாராவது கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கும். வண்டியைத் தூக்கி நிறுத்தும் இரண்டு தூண் ஹொயிஸ்ட். கூரை கூட இல்லாத காலம் அது. கொழும்பில் ஒரு பழைய கராஜைக் கலைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, லொறி பிடித்துப் போய் ஏற்றிக்கொண்டு வந்தேன். பதினான்கு மாதம் அது முற்றத்தில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. வெயில் எட்டிப்பார்த்த நாட்களில் மனைவி அதன் மேல் துணி காயப்போடுவார்.

டோஹாவில் பதினொரு வருடம் மெக்கானிக்காக இருந்தவன் நான். அங்கே தரை தட்டை, மழை என்றால் வருடத்துக்குச் சில நாள்தான். அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்கள் டிக்கோயாவில் கராஜுக்குப் படம் போட்டேன். நாற்பதுக்கு இருபத்தெட்டு அடி, மூன்று வண்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்க இடம். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர். படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “தண்ணி எந்தப் பக்கம் போகுது தம்பி?” நான் ஹொயிஸ்ட் நிற்கப்போகும் இடத்தைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

இடம் சரிவானது. மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் நிரப்பித்தான் தட்டையாக்க முடிந்தது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில் தோட்ட லயன் வீடுகளோடு மலை இறங்கியதைப் பார்த்த பிறகும், அனுமதியை வெறும் காகித வேலை என்று நினைப்பவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். நானும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தேன். மண்சரிவு அபாயமுள்ள பகுதி என்பதால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை இல்லாமல் பிரதேச சபையில் படம் நகராது. மண் பார்க்க வந்த அதிகாரி, மேல்பக்கச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் இறங்க வழி விட்டே ஆக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கருங்கல் சுவர், அதன் பின்னால் ஒன்றரை அடிக்குச் சல்லி, வரிசையாகக் குழாய், மலைப்பக்கம் தண்ணீர் ஓட ஒரு கான். அன்றைக்கு அது பெரிய செலவாகத் தெரிந்தது. ஹொயிஸ்டை விட அதிகம்.

2017 தையில் மண் வெட்டத் தொடங்கினோம். எங்கள் பக்கம் தை, மாசிதான் காய்ந்த மாதங்கள். வைகாசியில் தென்மேற்கு மழை பிடித்தால் புரட்டாசி வரை விடாது. வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும். நாங்கள் அதற்கு அடுத்த மேட்டில் இருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி தரை. நிரப்பிய மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு இடிக்கச் சொன்னார் மேசன் பாஸ். ஒரு மழைக்காலம் அப்படியே விட்டுவிட்டு அடுத்த வருடம் கொங்கிரீட் போடலாம் என்றும் சொன்னார். எனக்கு எங்கே பொறுமை? இடித்தோம், ஆனால் காத்திருக்கவில்லை. அந்த வருடக் கடைசியிலேயே வெட்டிய மண்ணும் நிரப்பிய மண்ணும் சேரும் கோட்டில், தரையின் நீளத்துக்கும் விரல் நுழையும் அளவு ஒரு வெடிப்பு. என் படத்தில் ஹொயிஸ்ட் நின்றது சரியாக அந்தக் கோட்டின் மேல்! ஒரு தூண் கெட்டி மண்ணில், மற்றது இறங்கும் மண்ணில். வண்டியைத் தூக்கி வைத்துவிட்டுக் கீழே நின்று வேலை செய்வதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

மலைப்பக்கத்துக் கெட்டி நிலத்தில் தரையை உடைத்து, கம்பி கட்டி, எட்டு அங்குலத்துக்குப் புதிதாகக் கொங்கிரீட் போட்டோம். இந்த வகை ஹொயிஸ்டுக்குக் குறைந்தது நான்கு அங்குலம் நல்ல கொங்கிரீட் வேண்டும் என்பார்கள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது, இரண்டு மடங்காகப் போட்டேன். ஏழு நாள் சாக்கு நனைத்துப் போட்டு, 28 நாள் முடிந்த பிறகுதான் போல்ட் அடித்தேன். இத்தனை வருடத்தில் அந்தத் துண்டில் மயிரிழை வெடிப்புக்கூட இல்லை. கீழ்ப்பக்கத்தில் இப்போது மேசையும் அலுமாரிகளும்தான். வெடிப்பில் தார் ஊற்றிவிட்டேன், அப்புறம் அது வளரவில்லை.

ஹொயிஸ்டை நிறுத்தும்வரைக்கும் என்று நடுவில் ஒரு குழியும் வெட்டியிருந்தேன். அதைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. முதல் ஆனியில் முழங்கால் அளவு ஊற்று, இரண்டாம் ஆனியில் தவளை, அட்டை. பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது, குழிக்குள் தங்கும், ஒரு பொறி போதும். கல் போட்டு மூடிவிட்டேன்.

கூரை வெறும் தகரம். இரவில் தகரம் குளிர்ந்ததும், உள்ளே இருக்கும் ஈரக் காற்று அதன் அடியில் வியர்த்துச் சொட்டும். காலையில் வந்தால் வெளியே மழை இல்லை, உள்ளே போனட் நனைந்திருக்கும். இரண்டு வருடம் ஓட்டை தேடினேன். ஓட்டையே இல்லை. அடியில் அலுமினியத் தாள் ஒட்டிய மெத்தை விரிப்பு அடித்த பிறகுதான் சொட்டு நின்றது. இன்னொரு குறை இன்னும் தீரவில்லை. மழை தகரத்தில் விழும் சத்தத்தில், எஞ்சினுக்குள் வால்வைத் தள்ளும் டெப்பட் தட்டும் சத்தம் கேட்காது. ஆனி, ஆடியில் காதை வைத்துச் செய்யும் வேலை எதையும் எடுப்பதில்லை.

காற்றை அமுக்கும் கொம்ப்ரெசரைச் சத்தத்துக்காக வெளியே ஒரு சின்னக் கொட்டகையில் வைத்திருந்தேன். அது மூடுபனியையே இழுத்து அமுக்கி, பெயின்ட் துப்பாக்கி வழியாகத் தண்ணீராகத் துப்பியது. மச்சானின் த்ரீவீலருக்கு அடித்த பெயின்ட் அம்மைத் தழும்பு மாதிரி வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு வருடம் அதே கோலத்தில் ஓட்டிக் காட்டினார். இப்போது கொம்ப்ரெசர் உள்ளே இருக்கிறது. இரும்புக் குழாயைக் கடைசி முனை பக்கம் சரித்து, முனையில் தண்ணீர் விடும் வால்வு வைத்திருக்கிறேன். கிளைக் குழாய்கள் மேல்பக்கமாக எழும்பி வளைந்து இறங்குகின்றன, அதனால் தண்ணீர் கருவிக்கு வராது. பிவிசி குழாய் மலிவு என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அழுத்தத்தில் வெடித்தால் சில்லாகப் பறக்கும். தாங்கியின் அடி வால்வை வேலை முடியும் ஒவ்வொரு நாளும் திறக்கிறேன். மழைக்காலத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு துருத் தண்ணீர் வரும்.

ஈரத்துக்கு நான் செய்தவற்றில் மலிவானதுதான் நன்றாக வேலை செய்கிறது. செத்துப்போன பிரிஜ் ஒன்றுக்குள் பழைய குண்டு பல்ப் ஒன்றை எரியவிட்டு, வெல்டிங் கூர்களை அதில் வைக்கிறேன். ஈரம் குடித்த கூரால் ஒட்டினால் ஒட்டு முழுக்கப் பொத்தல். ஸ்பெனர் சாவி லாச்சிகளில் சூடக் கட்டி போட்டால் துரு குறைகிறது. லாச்சியைத் திறந்தால் கோயில் வாசம். பிரேக் ஒயிலைப் பெரிய போத்தலில் வாங்குவதை விட்டுவிட்டேன். திறந்து வைத்தால் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும்.

2022ஐச் சொல்லாமல் விட முடியாது. ஆயிரம் ரூபா அளவில் வாங்கிய சீமெந்து இரண்டாயிரத்தைத் தாண்டிய வருடம், நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போன வருடம். வண்டி கழுவும் இடத்தின் வேலை பாதியில் நின்றது. ஆனால் வண்டி இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நின்றிருந்ததால், கைவிட்ட பழைய வண்டிகளை எல்லாம் ஆட்கள் மறுபடி எழுப்பத் தொடங்கினார்கள். என் லேண்ட் ரோவருக்கு வாங்கி வைத்திருந்த பாகங்களை மூன்று பேர் கேட்டார்கள். கொடுக்கவில்லை.

கழுவும் இடத்தைப் பிறகு முடித்தேன். தண்ணீர் மூன்று தொட்டி தாண்டித்தான் கானுக்குப் போகும், ஒயில் மேலே மிதந்து நின்றுவிடும். எங்கள் ஓடை கெஹெல்கமு ஓயாவுக்குப் போகிறது, அது காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு, அங்கிருந்து களனி கங்கைக்கு. கடைசியில் அம்பத்தலையில் கொழும்புக்குக் குடிநீராக எடுக்கிறார்கள். பழைய ஒயிலைப் பீப்பாயில் சேர்த்து, எடுக்க வருபவரிடம் கொடுக்கிறேன். வெளி வண்டிகளைக் காசுக்கு எடுப்பதென்றால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். நான் அந்தப் பக்கம் போகவில்லை, சொந்தக்காரர் வண்டிகளே போதும் போதும் என்றாகிவிட்டது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்த இரவு, டோர்ச்சை எடுத்துக்கொண்டு மூன்று முறை சுவரடிக்குப் போனேன். குழாய்கள் அத்தனையும் செம்மண் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தன. கான் நிரம்பி ஓடியது. சுவர் அசையவில்லை. நாலு வீடு தள்ளி, குழாய் வைக்காமல் கட்டிய சுவர் ஒன்று விடியும்போது பாதையில் கிடந்தது. நல்லவேளை, ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

அப்பா அடுத்த நாள் காலையில் வந்து சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். நான்காவது குழாயில் தண்ணீர் குறைவாக வருகிறது, உள்ளே அடைத்திருக்கும் என்றார். கம்பி விட்டுக் குத்தினேன், ஒரு கை வேர் வந்தது. வைகாசிக்கு முன் மற்றதையும் குத்த வேண்டும். அதுவரைக்கும் லேண்ட் ரோவர் ஹொயிஸ்டிலேயே நிற்கட்டும்.