முதல் 50 சுற்று: பல நகரமா, பெரிய தலைநகரா?

நகரங்கள் அமைத்து நாட்டை வளர்க்கும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் 6-ல் புதியவர்கள் பல நகரம் பக்கமே சாயலாம். ஒரே நகரத்தில் 4 சிறப்பு டிஸ்ட்ரிக்ட் (கல்வி, வணிகம் போன்ற ஒரு துறைக்கான வளாகம்) வேண்டுமானால் மக்கள்தொகை 10 ஆகணும். 4 குட்டி நகரங்களில் ஆளுக்கொன்று உடனே தொடங்கலாம். முதலில் ஸ்கவுட் (உளவு பார்ப்பவர்), கவண்வீரர், அப்புறம் செட்லர் (புது நகரம் அமைப்பவர்) என்று உருவாக்கிக்கொண்டு போங்கள். செட்லர் எடுக்க மக்கள்தொகை 2 தேவை, முடிந்ததும் 1 குறையும். நன்னீர் ஓரம் அமைத்த நகரத்துக்குக் குடியிருப்பு (எத்தனை மக்களைத் தாங்கும் என்ற அளவு) 5. தண்ணீரே இல்லாவிட்டால் 2, வளர்ச்சி சீக்கிரமே முடங்கும். காவலின்றி அனுப்பும் செட்லரைக் காட்டுமிராண்டிகள் தூக்கிப்போய்விடுவார்கள். (அவர்களின் ஸ்கவுட் உங்கள் நகரத்தைப் பார்த்துவிட்டு முகாம் திரும்புமுன் அடித்துவிடுங்கள்.)

பெரிய தலைநகர் எடுபடுவது 5-ஆம் பாகத்தில்தான். அங்கே செட்லர் உருவாகும்வரை நகரம் வளராது, ஒவ்வொரு நகரத்துக்கும் 3 புள்ளி அதிருப்தி வேறு. அறிவியலைக் கூட்டும் கட்டிடமான தேசியக் கல்லூரிக்கோ எல்லா நகரத்திலும் நூலகம் வேண்டும். அதனால் அங்கே 3, 4 நகரத்தோடு நிறுத்துங்கள்.