தர்மபுரி ஏஐ ஹேக்கத்தான்: 300 ரூபாய்க்குக் கிடைத்தது என்ன?

போன மாதம் தர்மபுரி பக்கம் ஒரு கல்லூரியில் நடந்த ஏஐ (செயற்கை நுண்ணறிவு) ஹேக்கத்தானுக்கு, அதாவது டீமாக உட்கார்ந்து குறித்த நேரத்துக்குள் ஒன்றைச் செய்து காட்டும் போட்டிக்கு, நாங்கள் நாலு பேர் போனோம். சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஆரம்பித்து ஞாயிறு சாயங்காலம் 4 மணி வரை, ஆக 30 மணி நேரம், தலைக்கு 300 ரூபாய். இந்த மாதிரி நிகழ்ச்சி என்றால் பெங்களூருக்கோ கோயம்புத்தூருக்கோதான் ஓட வேண்டும் என்று இருந்த எங்களுக்கு, பாலக்கோட்டில் பஸ் ஏறினால் போய்விடலாம் என்பதே பெரிய விஷயம். அடுத்த தடவை போகலாமா என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சாப்பாட்டில் குறையே இல்லை. ராத்திரி 1 மணிக்கும் சூடாக டீ கொடுத்தார்கள். பெண்களுக்கு ஹாஸ்டலில் தனி அறை ஒதுக்கி, விடிய விடிய ஒரு மேடம் அங்கேயே இருந்தார், இதைக் கேட்ட பிறகுதான் எங்கள் டீமில் இரண்டு பேர் வீட்டில் அனுப்பவே சம்மதித்தார்கள். கழுத்தை அறுத்தது வைஃபை மட்டும்தான். இருநூறு பேர் ஒரே நேரத்தில் ஏறினால் என்ன ஆகும், மதியத்துக்குள் படுத்துவிட்டது, அப்புறம் எல்லோரும் அவரவர் போன் ஹாட்ஸ்பாட்தான்.

நாங்கள் எடுத்தது தக்காளி இலை நோய். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் பிறந்தவனுக்குத் தக்காளியை விட்டால் வேறு என்ன தோன்றும்? இலையைப் போனில் படம் எடுத்தால் என்ன நோய் என்று தமிழில் பேசிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் யோசனை. நோயைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க பிளான்ட்வில்லேஜ் என்று ஒரு பெரிய படத் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது, 14 பயிர்களின் 54,000க்கும் மேற்பட்ட இலைப் படங்கள், அதில் தக்காளி மட்டுமே 18,000 சொச்சம். அதை லேப்டாப்பில் இறக்க ஒன்றரை மணி நேரம் போராடிக்கொண்டிருந்தோம். அந்த வழியாக வந்த மென்டர் அண்ணா ஒருவர் (டீம்களுக்கு வழிகாட்ட வந்தவர், ஓசூரில் வேலை பார்க்கிறவர்) பார்த்துவிட்டு, "லேப்டாப்புக்கு எதுக்குப்பா இறக்குறீங்க, கோலாபுக்கே நேரா இறக்குங்க, அது கூகுள் சர்வர்ல ஓடுது, உங்க நெட்டைத் தொடவே தொடாது" என்றார். கோலாப் என்பது பிரவுசரிலேயே புரோகிராம் எழுதி ஓட்டும் கூகுள் சேவை. சில நிமிடத்தில் வேலை முடிந்தது. வகுப்பில் கோலாப் பயன்படுத்தியிருக்கிறோம், ஆனால் இந்த ஒரு விஷயத்தை யாரும் சொல்லித் தந்ததில்லை.

அப்புறம் படங்களை அடையாளம் காண ஏற்கெனவே பழக்கிவைத்த மொபைல்நெட் என்ற சின்ன ஏஐ மாடலை எடுத்து, அது கற்றதை அப்படியே வைத்துக்கொண்டு கடைசி அடுக்கை மட்டும் எங்கள் பத்து வகைகளுக்குப் பழக்கினோம். ஒன்பது வகைக் கோளாறு, ஒன்று நல்ல இலை. ராத்திரி 11 மணிக்குத் துல்லியம் 97 சதவீதம் காட்டியது. கத்திவிட்டோம். அதே அண்ணா மறுபடியும் வந்தார், பார்த்தார், ஒரே கேள்விதான் கேட்டார்: "தோட்டத்து இலை ஒண்ணு காட்டுங்க."

வீட்டுக்குப் போன் போட்டு அப்பாவை எழுப்பினேன். டார்ச் அடித்து நாலு இலையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முதல் இலையில் பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து வெள்ளைக் கோடு. அது இலைக்குள்ளேயே புழு குடைந்துகொண்டு போன வழி, எங்கள் ஊரில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். மாடலோ பின்பருவ இலைக்கருகல், 94 சதவீதம் உறுதி என்றது. அதாவது பூச்சி குடைந்த இலைக்குப் பூசண மருந்து அடிக்கச் சொல்கிறது. அப்பா அதை நம்பி அடித்திருந்தால் மருந்துக் காசும் போயிருக்கும், கூலியும் போயிருக்கும், புழு பாட்டுக்கு அதன் வேலையைப் பார்த்திருக்கும்.

காரணத்தை அண்ணா பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். அந்தத் தொகுப்பில் இலை குடையும் பூச்சி என்ற வகையே கிடையாது. மாடலுக்குத் தெரிந்தது பத்து, எதைக் காட்டினாலும் அந்தப் பத்துக்குள் ஒன்றைச் சொல்லியே தீரும், "தெரியவில்லை" என்று சொல்ல அதற்கு வழியே நாம் வைக்கவில்லை. இன்னொன்று, அந்தப் படங்களெல்லாம் இலையைப் பறித்துச் சாதாரணப் பின்னணியில் வைத்து எடுத்தவை, தோட்டத்தில் இருப்பதுபோல் மண்ணும் வெயிலும் நிழலும் பக்கத்து இலையும் அதில் இல்லை. 2016இல் இதே தொகுப்பை வைத்து வந்த ஆய்வுக் கட்டுரையிலேயே 99.35 சதவீதம் காட்டிய மாடல், வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்ததும் 31 சதவீதத்துக்கு விழுந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை அவரே திறந்து காட்டினார். நாலு வருட வகுப்பில் கிடைக்காத பாடம் இது, உண்மையாகவே சொல்கிறேன்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் நான் ஊருக்குப் போய், அப்பாவோடு தோட்டத்தில் இறங்கி 140 படம் எடுத்து வந்தேன். அவற்றைச் சேர்த்து "தெரியவில்லை" என்று பதினோராவது வகை வைத்தோம். அந்தப் பதில் வந்தால் 1800 180 1551 என்ற கிசான் கால் சென்டர் (விவசாயிகளுக்கான அரசு தொலைபேசி ஆலோசனை) எண்ணைத் திரையில் காட்டும்படி செய்தோம். துல்லியம் 88க்கு இறங்கிவிட்டது. இறங்கட்டும், இப்போது பொய் சொல்வது குறைந்திருக்கிறது.

வருத்தம் நடுவர்கள் விஷயத்தில்தான். ஏழு நிமிடம் என்று சொல்லி மூன்று நிமிடம்தான் கொடுத்தார்கள். ஸ்லைடைப் பார்த்தார்கள், பிசினஸ் மாடல் கேட்டார்கள், மேஜைமேல் நான் வைத்திருந்த இலையை எடுத்து ஒரு படம்கூட எடுத்துப் பார்க்கவில்லை. 88 என்றதும், பக்கத்து டீம் 98 சொல்கிறார்களே என்றார்கள். பரிசு கிடைக்காததற்காக நான் இதைச் சொல்லவில்லை. மதிப்பெண் தாளில் "நிஜத்தில் சோதித்தார்களா" என்று ஒரு வரிகூட இல்லை, அதைச் சேர்க்க வேண்டும் என்று கருத்துப் படிவத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆனாலும் 300 ரூபாய்க்கு இது ரொம்ப ரொம்ப லாபம், அடுத்த தடவையும் நான் போவேன். ஐந்துக்கு நாலு ஸ்டார், அதில் மூன்று அந்த மென்டர்களுக்கு. போகிறவர்கள் ஜங்ஷன் பாக்ஸ் ஒன்று கட்டாயம் கொண்டுபோங்கள், ஆறு லேப்டாப்புக்கு ஒரு பிளக் பாயின்ட்தான் இருந்தது. இரண்டு சிம்மில் நெட் போட்டுக்கொள்ளுங்கள். எந்தத் தலைப்பு எடுத்தாலும் அது சம்பந்தப்பட்ட நிஜப் பொருள், இலையோ மாம்பழமோ கரன்ட் பில்லோ, சனிக்கிழமை காலையிலேயே பையில் இருக்கட்டும், எங்களைப் போல நடுராத்திரி அப்பாவை எழுப்ப வேண்டாம்.